நான்காவது பலகை

தோட்டா நிரப்புவதற்கு எங்கள் துப்பாக்கி சுடும் கழகம் எனக்குக் கொடுத்திருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெற்றிக் கோப்பைகளும் பழைய பதாகைகளும் அடுக்கிய கூடத்துக்குப் பின்னால், நீளவாக்கில் ஒரு பெட்டி மாதிரி இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று நிர்வாகக் குழு ஒரு கோடையில் கட்டடம் முழுவதும் விளக்குகளை மாற்றியது. ஆள் அசைந்தால் எரியும். அசைவு இல்லாவிட்டால் சில நிமிடங்களில் அணைந்துவிடும். கதவுக்கு மேலே அதன் வெள்ளைக் கண். என் மேசையோ எதிர்ச் சுவரோடு. ஆக அதற்குத் தெரிவது என் முதுகு மட்டும்தான். கைகள் வேலை செய்துகொண்டிருக்கும், முதுகு அசையாது. அறையில் யாரும் இல்லை என்று அது முடிவெடுத்துவிடும்.

முதல் முறை அணைந்தபோது சிரித்தேன். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினால் வெளிச்சம் திரும்பி வரும். நாளடைவில் அது மூச்சு விடுவது போலப் பழகிவிட்டது. ஆனால் சில நாட்களில் ஒரு ஆட்டலுக்கு வராது. அந்த இருட்டில் இரண்டாவது முறை கையை ஆட்டும்போது, நான் உண்மையிலேயே இங்கே இருக்கிறேனா என்று ஒரு எண்ணம் வரும். அளவீட்டுப் பிரிவில் வேலை செய்கிற ஒருவன் நினைக்கக்கூடிய எண்ணம் இல்லைதான். ஆனாலும் வந்தது.

ஜெர்மனியில், எர்லாங்கனில் ஒரு தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களை அளந்து பதிவதுதான் என் வேலை. அப்பா மன்னார்க் கரையில் கடலுக்குப் போனவர், எழுத்துத் தெரியாது. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். ஒன்பது வயதில் நான் இங்கே வந்து, ஒரு வருடத்தில் ஜெர்மன் பிடிபட்டதும், வீட்டுக்கு வருகிற கடிதம் எல்லாவற்றையும் நான்தான் திறந்தேன். ஆன்ட்ராக் என்கிற விண்ணப்பங்களை நிரப்புவது, அலுவலகங்களில் சந்திக்க டெர்மின் எடுப்பது, பதில் எழுதுவது எல்லாம் நான். அப்பா கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டுவேன்; என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. “நீ எழுதினாச் சரிதானே” என்பார். அப்படி வளர்ந்தவனுக்கு எழுதப்பட்டதில் ஒரு நம்பிக்கை ஊறிவிடும். அதுவும் தன் கையெழுத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்புவான். இதைச் சொல்லாமல் பிறகு நடந்ததைச் சொல்ல முடியாது.

நான் போட்டிக்குச் சுடுவது ஓரிடத்தில் நின்று வட்டத்தைக் குறிபார்க்கும் வகை இல்லை. கைத்துப்பாக்கி இடுப்பு உறையில் இருக்கும். பீப் சத்தம் கேட்டதும் உருவி, தட்டிகளுக்குப் பின்னால் ஓடி, ஒரு பொந்துக்குள்ளால், ஒரு கதவுக்கு அப்பால், முழங்காலில் இருந்து என்று சுட்டுக்கொண்டே போக வேண்டும். பழுப்பு நிற அட்டைகளைச் சுடலாம். நடுநடுவே வெள்ளை அட்டைகள் நிற்கும். அவற்றில் பட்டால் புள்ளி போகும். நேரமும் குறியும் சேர்ந்துதான் கணக்கு.

இதில் எனக்கு எப்போதும் முதுகு சில்லிடுகிற ஒரு பகுதி உண்டு. சுடுவதற்கு முன் ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடங்கள் கொடுப்பார்கள், அந்த இடத்தை நடந்து மனப்பாடம் செய்ய. எட்டுப் பத்துப் பேர் வெறும் கையோடு, சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு, உதடுகள் மட்டும் அசைய, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடப்பார்கள். திடீரென்று ஒருவர் குனிவார், மற்றவர் திரும்புவார். மோதிக்கொள்ள மாட்டார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் நித்திரையில் நடக்கிறவர்கள் மாதிரி இருக்கும். காதில் நாங்கள் மாட்டுகிற கருவி வெடிச் சத்தத்தை அமுக்கி, மெல்லிய சத்தங்களைப் பெருக்கிக் கொடுக்கும். அதனால் வெடி ஏதோ தூரத்தில் கதவைத் தட்டுவது போலவும், பத்து மீட்டர் தள்ளி நிற்பவருடைய மூச்சு உங்கள் தோளில் விழுவது போலவும் கேட்கும். நான் அதற்குப் பழக நீண்ட நாள் பிடித்தது.

கழகத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழ் ஆள் உண்டு. நாற்பதைத் தாண்டியவர், டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தமிழோ?”

“ஓம்.”

“யாழ்ப்பாணமோ?”

“மன்னார்.”

“பரவாயில்லை. இவையளைப் பற்றி இவையளுக்கு முன்னாலையே கதைக்க ஒரு ஆள் கிடைச்சுட்டுது.”

அக்கா என்னைவிட மிக நன்றாகச் சுடுவார். ஓடும்போது அவருடைய தலை ஒரே மட்டத்தில் இருக்கும், தண்டவாளத்தில் போவது போல. நான் தடதடவென்று போவேன். அவர் என்னை எஞ்சினியர் என்று கூப்பிடுவார். நான் எஞ்சினியர் இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். என் குறிப்புக் கொப்பிதான் அவருக்குப் பெரிய பகிடி.

“இண்டைக்குத் தும்மினதும் எழுதியிருக்கோ?”

“இல்லை அக்கா.”

“எழுதடா. தும்மினாப் பிறகு கை ஆடும்.”

அந்த வருடம் மாநிலப் போட்டிக்குப் போக அக்காவுக்கு ஒரு நல்ல முடிவு மட்டும் தேவைப்பட்டது. இரண்டு வருடமாகப் பின்தொடர்ந்த இடம். செப்டம்பர்க் கடைசியில் ஒரு சனிக்கிழமை, காட்டுக்குள் இருக்கும் பழைய கல்குவாரியில் போட்டி. அதற்கு முந்திய வாரம் என் வேலையிடத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

“நான் ஓடர் பண்ணின தோட்டா வரேல்லை. கடைக்காரன் அடுத்த மாதமாம். உன்ரையிலை நூற்றைம்பது தா.”

“ஏலாது அக்கா. நிரப்பினவன்தான் சுட வேணும். கழக விதி.”

“ஆர் போய்ச் சொல்லப் போகினம்? நீயோ?”

“வேறை ஆரிட்டையும் கேட்டுப் பாருங்கோவன்.”

“கேட்டனான். அவையளிட்டை இருக்கிற தோட்டா என்ர துவக்கிலை சரியா ஓடாது. உன்ரை ஓடும், போன மாதம் வேகம் அளக்கேக்கை பார்த்தனான்.” பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: “ஒருத்தருக்கு ஊசி குத்த முந்தி நான் மூண்டு தரம் பார்க்கிறனான். நீ நாலு தரம் பார்ப்பாய். அதாலைதான் கேக்கிறன்.”

நான் செய்த ஒன்றை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டது இல்லை. மற்ற எல்லோரும் கேட்பது படிவம் நிரப்பித் தரச் சொல்லித்தான். சம்மதித்தேன்.

தோட்டா நிரப்புவது கடினமான வேலை அல்ல. சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைக் கழுவி, அளவுக்கு அழுத்தி, அடியில் தீப்பொறி தரும் கேப்பு வைத்து, உள்ளே வெடிமருந்து போட்டு, மேலே குண்டை உட்கார வைத்தால் மறுபடியும் தோட்டா. வேகமாகச் செய்யும் யந்திரங்கள் உண்டு. என்னிடம் இருந்தது ஒரு கை அழுத்தி, ஒரு மருந்து அளவி, ஐம்பது குழி போட்ட மரப்பலகைகள். கோதுகளை வாய் மேலே பார்க்கப் பலகையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் அளவியின் பிடியை ஒரு தரம் இழுத்து விட வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டாவின் மருந்து. பிடி திரும்பும்போது ‘டக்’ என்று கேட்கும். பலகை முடிந்ததும் டோர்ச் அடித்து ஐம்பது கோதுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். மருந்து எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அந்தப் பார்வையில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பாவிக்கும் மருந்து கோதில் பாதிக்கும் கீழேதான் நிற்கும். தவறி இரண்டு தரம் விழுந்தாலும் வெளியே வழியாது. மேலே குண்டு உட்கார்ந்துவிட்டால் அதற்கும் மற்றதற்கும் வெளியில் ஒரு வித்தியாசமும் இல்லை. சுட்டால் துப்பாக்கி கைக்குள் வெடிக்கும். அனுமதி எடுக்கும் வகுப்பில் படங்கள் காட்டினார்கள். அந்தக் கைகளை நான் இங்கே விவரிக்கவில்லை.

என் கொப்பியில் ஒரு பலகைக்கு ஒரு வரி. கோது, கேப்பு, மருந்து, பார்த்தது, குண்டு என்று ஐந்து கட்டங்கள். செய்து முடித்ததற்கு எதிரே ஒரு சரி அடையாளம்.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேரே அந்த அறைக்குப் போனேன். ஆறு பலகை, முந்நூறு தோட்டா. பாதி அக்காவுக்கு, பாதி எனக்கு. மூன்று பலகை ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதைப் பார்த்து முடித்து அடையாளம் போடும்போது பேனையில் மை வரவில்லை. தாளின் ஓரத்தில் கிறுக்கினேன், மை கொஞ்சம் வந்தது. எழுதும்போதே எழுதிவிடுவோம் என்று அந்தப் ‘பார்த்தது’ கட்டத்திலேயே கீழே இழுத்துக்கொண்டு போய், நான்கு, ஐந்து, ஆறுக்கும் சரி போட்டேன். எப்படியும் பார்க்கத்தான் போகிறேன். ஆறாவதோடு மை முற்றாக நின்றது. பிறகு பென்சில் எடுத்தேன்.

நான்காவது பலகையில் மூன்றாவது வரிசை முடியும் நேரம் விளக்கு அணைந்தது. இடது கையை ஆட்டினேன், வரவில்லை. இன்னொரு தரம் ஆட்டினேன். அந்த இருட்டில் எனக்கு முன்னால் ‘டக்’ என்று கேட்டது. பிடி தானாகத் தளர்ந்து திரும்பியிருக்கும் என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைத்ததாக இப்போது நினைக்கிறேன். என் வலது கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வெளிச்சம் வந்தது. கோதுகள் வரிசையாக, வாயைத் திறந்துகொண்டு, நான் விட்டபடியே நின்றன. உட்கார்ந்து அடுத்த வரிசையில் தொடங்கினேன். பலகை நிறைந்தது. கொப்பியைப் பார்த்தேன். ‘பார்த்தது’ கட்டத்தில் சரி இருந்தது. குண்டுகளை எடுத்தேன்.

கடைசியில் முந்நூற்றையும் ஒரே வாளியில் கொட்டித் துணியால் துடைத்து, கைக்கு வந்தபடி பெட்டிகளில் அடுக்கினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வந்து மூன்று பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார். “கையெழுத்துப் போட்டுத் தரவோ?” என்று பகிடி விட்டார்.

சனிக்கிழமை காலை குவாரிக்குள் பனிப் புகார் இறங்கியிருந்தது. மேலே மரங்கள் தெரிந்தன, கீழே மேசைகள் தெரிந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. அட்டைகள் அங்குமிங்கும் தலையில்லாத உருவங்களாக நின்றன. வெள்ளை அட்டைகள் புகாரோடு கலந்து, நெருங்கிப் போனால்தான் தெரிந்தன. எங்கள் குழுவில் பத்துப் பேர். முதல் சுற்றில் அக்கா எல்லோரையும் விட வேகம். நானும் சுட்டேன், சுமாராக. இரண்டாவது சுற்றுக்கு நடந்து பார்த்தோம். புகாருக்குள் விரலை நீட்டிக்கொண்டு பத்துப் பேர். அக்கா என்னைக் கடந்து போகும்போது அவருடைய உதடு “இரண்டு, இரண்டு, ஓடு, மாத்து” என்று சொல்லிக்கொண்டு போனது. என்னை அவர் காணவில்லை.

மூன்றாவது ஆளாக அக்காவின் பெயர் வந்தது. நான் ஏழாவது. சும்மா நிற்க மனமில்லாமல் கொப்பியை எடுத்தேன், முதல் சுற்றின் நேரத்தைக் குறிக்க. அது வியாழக்கிழமைப் பக்கத்தில் விரிந்தது.

என் வேலையே அட்டவணைகளைப் பார்ப்பது. பிழையான இடத்தில் கண் தானாகப் போய் நிற்கும். நான்காவது வரியில் ‘மருந்து’ பென்சிலில் இருந்தது. அதற்கு அடுத்த ‘பார்த்தது’ நீல மையில் இருந்தது. மருந்து போடுவதற்கு முன்பே நான் மருந்தைப் பார்த்துவிட்டேன்.

ஐந்தாவதும் ஆறாவதும் அப்படித்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு டோர்ச் அடித்தது ஞாபகம் இருக்கிறது. ஆறாவதில் ஒரு கோதுக்குள் நூல் துண்டு ஒன்றைக் கண்டு எடுத்தேன். நான்காவதைத் தேடினேன். விளக்கு அணைந்தது, சத்தம், எழும்பியது, வெளிச்சம், பிறகு குண்டு. டோர்ச் இல்லை. எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் அந்த இடத்தில் டோர்ச் இல்லை.

நிமிர்ந்தபோது அக்கா கோட்டில் நின்றார். துப்பாக்கி உறையில், கைகள் தொங்கலாக. நடுவர் அவருக்குப் பின்னால் நேரக் கருவியைத் தூக்கிப் பிடித்திருந்தார். என் காதுக் கருவிக்குள் அக்காவின் மூச்சு கேட்டது; உள்ளே இழுத்து, பாதி விட்டு, நிறுத்துகிற மூச்சு.

“ஸ்டாண்ட் பை.”

பீப் வந்தது. நான் வாயைத் திறந்தபோது இரண்டு வெடி போய்விட்டது. மூன்றாவது. நான்காவது.

“ஸ்டொப்” என்றுதான் கத்த வேண்டும். யார் கத்தினாலும் சுடுகிறவர் நிற்க வேண்டும் என்பது விதி. எனக்கு வந்தது, “அக்கா, சுடாதேங்கோ” என்பதுதான்.

அவர் நின்றார். விரல் விசையை விட்டு வெளியே வந்தது, குழல் மண் அணையை நோக்கியபடி அப்படியே இருந்தது, தலை திரும்பவில்லை. பிறகுதான் நடுவர் “ஸ்டொப்” என்றார். பிறகு ஒருவரும் அசையவில்லை. புகாருக்குள் அட்டைகளும் மனிதர்களும் ஒரே மாதிரி நின்றார்கள். எது எது என்று ஒரு கணம் எனக்குப் பிரிக்க முடியவில்லை.

நான் ஜெர்மனில் சொன்னேன்: இவருடைய தோட்டாக்களை நிரப்பியது நான், அதில் ஒன்று பிழையாக இருக்கலாம், எது என்று தெரியாது. நடுவர் அக்காவைத் துப்பாக்கியைக் காலியாக்கச் சொன்னார். தோட்டா அடுக்கிய மகசினைக் கழற்றி, குழலுக்குள் ஏறியிருந்த தோட்டாவை எடுத்து, குழலைக் காட்டி, உறையில் போடும் வரை அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. பாதுகாப்பில்லாத தோட்டா என்று இருவரையும் அன்றைய போட்டியில் இருந்து விலக்கினார்கள். தாளில் அக்கா கையெழுத்துப் போட்டார். மாநிலப் போட்டி அந்தக் கையெழுத்தோடு போனது.

குவாரி ஓரத்தில் இருந்த மரக் குடிலுக்குள் போனோம். கதவைச் சாத்திய பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

“எத்தினை?”

“ஒண்டுதான் இருக்கலாம் அக்கா. ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம்.”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதைச் சொல்லவோ என்ர இரண்டு வருசத்தை நிப்பாட்டினனி?”

“ஓம்.”

“முழுத் தோட்டாவாத் தராசிலை நிறுத்துப் பார்த்தாக் காணாதோ?”

“கோதுகளே ஒண்டுக்கு ஒண்டு நிறை வித்தியாசம். தெரியாது. எல்லாத்தையும் கழட்டத்தான் வேணும்.”

“அப்ப கழட்டு. என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?”

கழற்றுவதற்கு ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் சுத்தியலுக்குள்ளேயே கழன்று விழும். நான் அடித்தேன். அக்கா ஒவ்வொரு மருந்தையும் சிறு தட்டில் கொட்டித் தராசில் வைத்து, எண்ணைச் சொல்லி, ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் ஊற்றினார். வேலைத்தலத்தில் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். முழங்கை உடம்போடு ஒட்டி, ஒரு அசைவும் வீணாக இல்லாமல். அடி, கொட்டு, எண். அடி, கொட்டு, எண். வெளியே போட்டி நடந்துகொண்டிருந்தது. வெடிச் சத்தம் புகாருக்குள்ளால் வந்து குடிலின் பலகையில் மெதுவாகத் தட்டியது. ஒவ்வொரு எண்ணும் முதலாவதைப் போலவே இருந்தது. ஐம்பதைத் தாண்டியதும் அவருடைய குரலில் இருந்து மனிதச் சாயல் போய்விட்டது. எங்கோ ஒரு கருவி வாசிப்பது மாதிரி ஒரே எண். அது மாறிவிடக் கூடாது என்றும், மாற வேண்டும் என்றும் இரண்டும் எனக்குள் இருந்தன. மாறாவிட்டால் நான் ஒன்றுமில்லாததற்கு அவரை நிறுத்தியவன்.

கடைசித் தோட்டாவும் அதே எண்தான்.

அக்கா தட்டை மேசையில் வைத்தார்.

“அப்ப இல்லை.”

“நீங்கள் சுட்டதிலை இருந்திருந்தா…”

“இருந்திருந்தா நான் இங்கை நிண்டு எண் வாசிக்கமாட்டன். இல்லை எண்டு சொல்லு. வாயாலை சொல்லு.”

“இல்லை அக்கா.”

“விசரன்” என்றார். திட்டுவது போல இல்லை, நோயாளியின் கோப்பில் எழுதுவது போல. குளிருக்குப் போட்டு வந்த சாக்கெட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார். மற்றக் கையை நுழைக்கும்போது நின்றார்.

“உன்ரை எங்கை?”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“மற்ற நூற்றைம்பது. உன்ரை.”

நான் குனிந்து பார்த்தேன். இடுப்புப் பட்டியில் நான்கு மகசின்கள், நிரப்பியபடி; மிச்சம் என் பையில். வாளியில் இருந்து கைக்கு வந்தபடி அடுக்கியதில் பாதி என்னிடம் இருந்தது. அதே வாளி, அதே பலகை. காலையில் முதல் சுற்றில் அதில் இருந்துதான் சுட்டேன். கொப்பியைப் பார்த்த நேரம் முதல் இந்த நிமிடம் வரை அது எனக்கு ஒரு தரம் கூடத் தோன்றவில்லை. அக்காவின் கை, அக்காவின் முகம் என்றே நினைத்துக்கொண்டு, அவற்றை இடுப்பில் கட்டியபடி அவருக்கு எதிரே நின்று சுத்தியலை அடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். நானே பட்டியை அவிழ்க்கப் போனேன். “நீ நில்” என்று சொல்லி, அவர்தான் ஒவ்வொரு மகசினாக உருவி எடுத்தார். இந்த முறை அவர் அடித்தார், நான் தராசில் நிறுத்தேன்.

மூன்றாவது மகசினில், நடுவில் எங்கோ. சுத்தியலில் இருந்து தட்டில் விழுந்ததும் இருவருக்கும் தெரிந்துவிட்டது, குவியல் பெரிது. ஆனாலும் தராசில் வைத்தேன். எண் ஓடி, நின்றது. சரியாக இரண்டு மடங்கு. நான் வாசிக்கவில்லை. அக்கா எட்டிப் பார்த்தார்.

இருட்டில் அந்தப் பிடியை இழுத்தது என் கைதான். அறையில் வேறு யாரும் இருக்கவில்லை. இதை நான் அறிவேன். ஆனால் அந்த இழுப்பு என் ஞாபகத்தில் இல்லை. இன்றுவரை தேடிப் பார்க்கிறேன். கேட்ட சத்தம் இருக்கிறது, இழுத்த கை இல்லை. யாரோ செய்துவிட்டுப் போனதற்கு நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டது போலவே இருக்கிறது.

கழகம் என்ன செய்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன், நடந்த ஒழுங்கில், முதலில் பேனை, பிறகு விளக்கு, பிறகு பென்சில் என்று. அறையின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அனுமதி வழங்கிய அலுவலகத்துக்கும் எழுதினேன். பதில் வர நாளெடுத்தது, வந்தபோது தடித்த கடிதமாக வந்தது. அக்காவுக்கும் எச்சரிக்கை. அடுத்த வருடம் அவர் மறுபடியும் தொடக்கத்தில் இருந்து புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது. அவருடைய பெயரை என் கடிதத்தில் எழுதலாமா என்று கேட்டபோது, “எழுது. ஆனா கேட்டது நான் எண்டு எழுது. அதை விட்டுப்போட்டு நல்ல பிள்ளை மாதிரி எழுதாதை” என்றார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, தட்டில் அந்தக் குவியல் இருக்கும்போது, இதெல்லாம் இன்னும் வரவில்லை. அக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்தார். திருப்பி, உள்ளங்கையைப் பார்த்து, மணிக்கட்டில் பெருவிரலை வைத்தார்.

“பொத்து.”

பொத்தினேன்.

“திற.”

திறந்தேன். இன்னொரு தரம் செய்யச் சொன்னார், செய்தேன். கை சொன்னதைச் செய்தது. விட்டுவிட்டார்.

மிச்சத்தையும் கழற்றி முடித்தபோது புகார் விலகியிருந்தது. கழற்றிய மருந்தை வைத்திருக்கக் கூடாது, எரித்துவிட வேண்டும். நடுவர் வந்து, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, போத்தலில் இருந்ததைச் சரளைக் கல்லில் நீளமாக, மெல்லிய கோடாக ஊற்றினார். அந்த ஒன்றை மட்டும் அக்கா தட்டிலேயே கொண்டுவந்து, தனியாக ஒரு தட்டையான கல்லில் கொட்டினார். நடுவரிடம் நெருப்பை வாங்கினார். நீளமான தீக்குச்சி, கை முழுக்க நீட்டிப் பிடித்தார்.

மஞ்சளாக ஒரு சுவாலை எழும்பி, ஒருவர் மூச்சு விடுவது போல ‘உஸ்’ என்று, அடங்கியது. கல்லில் கறுப்பு வட்டம். அது கூடக் கையளவு இல்லை.

“அவ்வளவுதானோ?” என்று கேட்டார்.

“வெளியிலை எரிஞ்சா அவ்வளவுதான் அக்கா.”

“உள்ளுக்கை?”

நான் என் வலது கையைப் பொத்தினேன். அவர் தீக்குச்சியை மண்ணில் குத்தி அணைத்தார். பிறகும் அதை விடாமல், கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.